விற்பனைக்கு ஒரு வீடு, அக்கா படிக்க வேண்டாம்

பிரேசர் டவுன், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை காலை

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான டோரீன் அக்காவுக்கு, தம்பி எரிக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் மகள் லவினாவும் ஆண்டவர் கிருபையால் ஏதோ இருக்கிறோம். அங்கே நீயும் மகள் அன்னாவும் மருமகன் கிஷோரும் நல்ல சுகத்தோடிருக்க ஜெபிக்கிறேன். உன் முட்டி வலிக்காகத் தனியாக ஜெபிக்கிறேன். கோயம்புத்தூரில் மழை உண்டா? இங்கே உண்டு. வேண்டாத நேரத்தில், வேண்டாத இடத்தில் உண்டு.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் சொல்வது உனக்குக் காதில் விழுவதில்லை. அன்னா வாங்கி உனக்குச் சொன்னால் எனக்குச் சாதகமாக இருக்கிற பாதியை விட்டுவிடுகிறாள். அதனால் இரண்டு விஷயத்தை நேராக உனக்கே எழுதுகிறேன். முதலாவது, டாடி உனக்கு எழுதிவைத்த நம் பழைய வீட்டை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. நல்ல ஆள். இரண்டாவது, நான் ஒரு பிளாக் எழுதி வருகிறேன், அதை நீ தயவுசெய்து படிக்காதே. யாராவது படித்துக் காட்ட வந்தால் எழுந்து போய்விடு. முட்டி வலியால் எழுந்து போக முடியாவிட்டால் காது மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள். ஏன் என்று கீழே விளக்குகிறேன். பொறுமையாகப் படி.

அத்தான் போன பிறகு நீ பாத்ரூமில் வழுக்கி விழுந்ததும், அன்னா வந்து உன்னைக் கையோடு கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனதும் உனக்கே தெரியும். போன நாளிலிருந்து நீ ஹாலில் திவானில்தான் படுக்கிறாய் என்றும், எல்லாரும் டி.வி. பார்த்து முடிக்கும்வரை படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறாய் என்றும் ஈஸ்டருக்கு வந்தபோது நானே பார்த்தேன். கிஷோர் தங்கமான பிள்ளை. ஆனால் ஒரு நாளில் எத்தனை தடவைதான் 'அத்தை, வசதியா இருக்கா?' என்று ஒருவர் கேட்க முடியும்? கேட்கக் கேட்க உனக்கு அது வசதியில்லாமல் போய்விட்டது. அன்றைக்கு நீ என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, 'எரிக்கு, அந்த வீட்ட வித்துக் குடுத்துடு. இங்கயே பக்கத்துல ஒத்த ரூம் வீடா ஒண்ணு வாங்கிக்கறேன். எனக்குத் தூக்கம் வந்தா நான் தூங்கணும், அவ்வளவுதான்' என்றாய். அதோடு, 'இடிச்சுட்டு அபார்ட்மெண்ட் கட்டுறவனுக்கு மட்டும் குடுக்காத, குடித்தனம் பண்றவங்களுக்குக் குடு' என்றும் சொன்னாய். முப்பது வருஷமாக வீட்டு புரோக்கராக இருக்கிற தம்பி, ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

தொழில் நான் நினைத்த மாதிரி இல்லை, அக்கா. கோல்ஸ் ரோடு டீக்கடை முன்னால் காலையில் போய் நின்றால் வீடு கேட்டு நாலு பேர் வந்த காலம் ஒன்று. இப்போது எல்லாரும் போனிலேயே வீடு பார்த்து, போனிலேயே பேசி, 'புரோக்கர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்' என்று போட்டுவிடுகிறார்கள். உன் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பில்டர்கள். அவர்கள் வீட்டுக்குள்ளேயே வரமாட்டார்கள். கேட்டில் நின்று இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அளந்துகொண்டு, ஜன்னல் மேலே அந்தக் காலத்து மரக் கூரைத் தொப்பி அழகாக இருக்கிறதே என்று நான் காட்டினால், 'அதை எடுத்துட்டுப் போக யாராவது இருக்காங்களா?' என்று கேட்பார்கள்.

அப்போதுதான் லவினா அந்த யோசனையைச் சொன்னாள். அவள் ஆபீசில் விளம்பரம் சம்பந்தப்பட்ட வேலை. 'டாடி, இப்பல்லாம் விளம்பரத்த யாரும் நம்பறதில்ல. நீங்க ஒரு பிளாக் ஆரம்பிங்க. ஏரியாவப் பத்தி எழுதுங்க, ஒவ்வொரு வீட்டப் பத்தியும் மனசுலேர்ந்து எழுதுங்க. படிக்கறவங்களுக்கு உங்க மேல நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்துட்டா வீடு தானா போகும்' என்றாள். பிளாக் என்றால் வேறொன்றுமில்லை, இன்டர்நெட்டில் நாமே நடத்திக்கொள்கிற சபைப் பத்திரிகை மாதிரி. ஆசிரியரும் நாமே, ஆயரும் நாமே. எனக்கு எழுத வராதே என்றேன். 'சர்ச்சுல நீங்க எழுதாததா?' என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் கெட்டேன்.

சர்ச்சில் நான் என்ன எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். நம் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அத்தானுக்கும் நான்தான் எழுதினேன். இன்னார் இன்ன ஊரில் பிறந்தார், இன்னாருக்கு மகனாக வளர்ந்தார், இன்ன இடத்தில் உண்மையாக உழைத்தார், யார் வந்தாலும் சாப்பிடாமல் அனுப்பமாட்டார், கடைசிக் காலத்தில் வியாதியைப் பொறுமையாகச் சகித்தார், இன்னின்னாரை விட்டுச் சென்றிருக்கிறார். கை அந்த அச்சிலேயே பழகிவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. மனதிலிருந்து எழுது என்றாள், எழுதினேன். மனதில் அதுதான் இருந்தது.

முதலில் கோவிந்தராஜன் சார் வீடு. அந்தக் காலத்தில் செக்ரடேரியட்டில் இருந்தவர், ரிச்சர்ட்ஸ் பார்க் பக்கத்தில் வீடு. மனைவி போய்விட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு திசை, இனி பெரிய வீடு வேண்டாம் என்று விற்கச் சொன்னார். வீடு எந்த வருஷம் பிறந்தது, எத்தனை கல்யாணம் கண்டது, எத்தனை பேருக்குச் சோறு போட்டது, சமீப காலமாக மேற்குச் சுவரில் ஓதம் கண்டு எவ்வளவு பொறுமையாகச் சகித்து வருகிறது என்றெல்லாம் உருக்கமாக எழுதினேன். 'கோவிந்தராஜன் ஐயா இந்த வீட்டில் நிறைவான வாழ்வு வாழ்ந்தார்' என்று ஒரு வரி. கடைசி வரியில் வாசகரை ஏதாவது செய்யச் சொல்லவேண்டும் என்று லவினா சொல்லியிருந்தாள். அதனால், 'கடைசியாக ஒரு முறை பார்க்க விரும்புகிறவர்கள் நாளை மாலை நான்கு மணிக்கு இல்லத்துக்கு வரலாம்' என்று முடித்தேன். மேலே அவருடைய போட்டோ. அதற்கு நீல நிற பார்டர் கேட்டேன், லவினா கறுப்புத்தான் எடுப்பாக இருக்கும் என்றாள்.

மறுநாள் நாலு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவே வந்துவிட்டது. ஓசூரிலிருந்து அவருடைய சித்தப்பா மகன் மாலையோடு வந்திருக்கிறார். கோவிந்தராஜன் சார் பனியனோடு கேட்டில் நின்று பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு அம்மா அவரிடமே போய், 'எந்த ரூம்ல வெச்சிருக்காங்க?' என்று விசாரித்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒன்றும் கத்தவில்லை. 'என்ன ஸ்வாமி, வீட்ட வித்துக் குடுங்கன்னா என்னையே அனுப்பி வெச்சுட்டீங்களே' என்றார். ஆனால் வந்தவர்கள் போகவில்லை, அக்கா. வந்ததற்கு உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பத்து வருஷமாகப் பேசாத எதிர்வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இருட்டுகிற நேரத்துக்கு கோவிந்தராஜன் சார் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, 'விக்கறது பேடா, வேண்டாம் ஸ்வாமி. நாலு பேர் வந்து நிக்கற தெருவ விட்டுட்டு நான் எங்க போறது?' என்றார். வீடு கைவிட்டுப் போனது.

சரி, முதல் கோணல் என்று விட்டுவிட்டு அடுத்த வீடு எழுதினேன். ரத்தினம்மாள் என்று ஒரு அம்மா, விதவை. இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். அவர்கள்தான் போனில் என்னைப் பிடித்து விற்கச் சொன்னார்கள். இந்தத் தடவை போட்டோ வேண்டாம், நேரம் வேண்டாம், பார்டரே வேண்டாம் என்று கவனமாகத்தான் எழுதினேன். சமையலறை ஜன்னல் வழியாகக் காலை வெயில் வந்து விழுகிற இடத்தில் அந்த அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வார் என்று அவர் சொன்னதையே எழுதினேன். இரண்டாவது நாள் போன். 'எரிக் சார், இந்த வீட்டுல நான் இவ்வளவு சந்தோஷமா இருந்தேன்னு எனக்கே தெரியாது. பசங்க கிட்ட சொல்லிடுங்க, நான் நகர மாட்டேன்' என்றார். பசங்களிடம் நான் சொன்னேன். அவர்கள் என்னிடம் திருப்பிச் சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

அதற்குப் பிறகு எழுதிய வீடெல்லாம் அப்படித்தான் ஆயிற்று. நான் எழுதுவேன், வீட்டுக்காரர் படிப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்டைக் கழற்றிவிடுவார். பிளாக் மட்டும் அமோகமாக ஓடுகிறது. எப்போதோ இந்தத் தெருக்களில் குடியிருந்து பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் போய்விட்டவர்களெல்லாம் தேடிப் படித்து, கண்ணீர் வந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். விலை என்ன என்று ஒருவர் கேட்கவில்லை. ரிட்டையரான ரயில்வேக்காரர் ஒருவர் தனக்கு இப்போதே ஒரு குறிப்பு எழுதித்தரும்படியும், பிழை இருந்தால் தானே திருத்திவிடுவதாகவும் சொல்கிறார். கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் வைத்திருக்கிற புரோக்கர் கண்ணா ஒரு நாள் எனக்கு லஸ்ஸி வாங்கிக் கொடுத்து, 'அண்ணா, என் கஸ்டமர் வீட்டப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க. மத்த புரோக்கருங்க வீட்டப் பத்தி எவ்வளவு வேணா எழுதுங்க' என்று கையெடுத்துக் கும்பிட்டான். என் வீட்டுக்காரி ஒரே வார்த்தையில் சொன்னாள். 'ஏங்க, நீங்க எழுதினா உயிரோட இருக்கற வீட்டுக்குக்கூட துக்கம் விசாரிக்க வர்றாங்க. சும்மா இருங்களேன்.'

சும்மா இருந்தேன். உன் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று தீர்மானம் பண்ணினேன். அப்படி எழுதாமல் இருந்த சமயத்தில்தான் கவினும் தாரணியும் வந்தார்கள். ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. சந்தாபுராவில் பதினோராவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். தாரணிக்கு இது ஆறாம் மாதம். 'அங்கிள், கொழந்த தரையில கால் வெச்சு நடக்கற மாதிரி ஒரு வீடு வேணும்ங்க' என்றாள். உன் வீட்டைக் காட்டினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், உன் சிவப்புத் தரையில் வெறுங்காலோடு அறை அறையாக நடந்துவிட்டு வந்தாள். இடிப்பீர்களா என்று கேட்டேன். 'இத எதுக்குங்க இடிக்கணும்?' என்றாள். உனக்காக அந்த வார்த்தையைக் காத்திருந்து வாங்கினேன், அக்கா.

இரண்டாம் தடவை பார்க்க வருவதாகச் சொன்ன சனிக்கிழமை அவர்கள் சில்க் போர்டு டிராபிக்கில் மாட்டிக்கொண்டார்கள். உன் வெறும் வீட்டில் நான் ஒருவனே உட்கார்ந்திருந்தேன். பொழுது போகாமல் போனை எடுத்தேன். எழுதவேண்டும் என்று எடுக்கவில்லை. கை எழுதியது. டாடி கடைசியாக மூச்சு விட்ட முன்னறை, உன் கல்யாணத்தன்று மம்மி யாருக்கும் தெரியாமல் அழுத ஸ்டோர் ரூம், கணக்குத் தப்பினால் நீ என்னை ஸ்கேலால் அடித்த சாப்பாட்டு மேஜை, டாடி நட்ட பின்வாசல் கொய்யா மரம், எல்லாம் வந்தது. கடைசியில் வழக்கம்போல விட்டுச் சென்றிருப்பவர்கள் என்று போட்டேன். அந்த இடத்தில் யார் பேரைப் போடுவது என்று யோசித்து, 'ஒரு தம்பி' என்று மட்டும் எழுதினேன். எழுதிவிட்டு அழித்துவிடலாம் என்று அமுக்கினேன். தப்பான இடத்தில் அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது, பிளாக்கில் ஏறிவிட்டது. அவர்கள் கேட்டுக்குள் நுழைகிறபோதே தாரணி போனைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு வந்தாள். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'படிச்சதுக்கு அப்புறம்தாங்க அங்கிள் இந்த வீடுதான்னு முடிவாயிடுச்சு' என்றாள். இத்தனை நாள் எழுதியதில் ஒரு வீடு விற்றிருக்கிறது என்றால் அது இதுதான். லவினா சொன்ன நம்பிக்கை ஒருவழியாக வந்து சேர்ந்தது.

காத்தா என்கிற மாநகராட்சி வரிப் பதிவு, பத்திரம் எல்லாம் கவின் வக்கீலிடம் காட்டிவிட்டான், ஒரு குறையும் இல்லை. வளைகாப்புக்கு முன்னால் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று தாரணியின் அம்மா ஈரோட்டிலிருந்து தினமும் எனக்குப் போன் பண்ணுகிறார். ஆகவே இத்துடன் இருக்கிற தாளில் பென்சிலால் குறி போட்டிருக்கிற இடங்களில் நீ கையெழுத்துப் போட்டு உடனே கூரியரில் அனுப்பிவிடு. அன்னா வீட்டுக்குப் பின்தெருவில் நீ பார்த்து வைத்திருக்கிற அந்த ஒற்றை அறை வீட்டையும் கையோடு பேசி முடித்துவிடலாம். பிறகு நீ ஏழு மணிக்கே தூங்கினாலும் கேட்க ஆளில்லை.

எனக்கு இதில் சந்தோஷமா என்று கேட்டால், இல்லை. உன்னிடம் எதற்குப் பொய். அந்த வீடு போய்விட்டால் நீ பெங்களூருக்கு வர ஒரு காரணமும் இருக்காது. கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் என் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, நான் கிஷோர் மாதிரி வசதியா இருக்கா என்று கேட்டு, நீ இருக்கிறது என்று சொல்லி, இரண்டு நாளில் கிளம்பிவிடுவாய். இருந்தாலும் உன் தூக்கம் பெரிது. அதனால்தான் திரும்பவும் கெஞ்சுகிறேன், அந்த பிளாக்கைப் படிக்காதே. படித்த வீட்டுக்காரர் யாரும் விற்றதில்லை. கோவிந்தராஜன் சார் மாதிரி கல்லான மனுஷரே தாங்கவில்லை. நீ எந்த மூலை. கையெழுத்தைப் போட்டு கூரியரில் சேர்த்துவிட்டு அதற்குப் பிறகு ஆசை தீரப் படி.

ஆண்டவர் உன் முட்டிக்கும் மனதுக்கும் பலம் தந்து, உன்னை வழுக்காத தரையில் நடத்துவாராக. அன்னாவுக்கும் கிஷோருக்கும் என் ஆசீர்வாதம். என் வீட்டுக்காரி உனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள். லவினா அத்தைக்கு முத்தம் என்கிறாள்.

உன் பிரியமுள்ள தம்பி,
எரிக்

பின்குறிப்பு: கூரியர் கடைக்குப் போக செருப்பை மாட்டும்போது அன்னா போன் பண்ணினாள். நான் யாரைப் படிக்க வேண்டாம் என்று மேலே இத்தனை பக்கம் கெஞ்சியிருக்கிறேனோ, அந்த நீ ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டாயாம். அந்தக் குறிப்பு வாட்ஸப்பில் சபை சபையாகச் சுற்றி, கோயம்புத்தூர் பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்தில் அதை வாசித்தார்களாம். நீ முன் வரிசையில் உட்கார்ந்து, சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டாம் தடவை சத்தமாக வாசிக்கச் சொன்னாயாம். முடிந்ததும் எழுந்து நின்று, 'பின்வாசல் கொய்யா மரத்த நட்டது நான், டாடி இல்ல' என்றாயாம். இன்று விடியற்காலையில், 'எரிக்கு தப்பா எழுதிட்டான், நேர்ல போய்ச் சொன்னாத்தான் திருத்துவான்' என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாய் என்கிறாள். 'தப்பு சொல்லப் போறவங்க தையல் மெஷின எதுக்கு மாமா தூக்கிட்டுப் போறாங்க?' என்று கேட்டு அழுகிறாள். தாரணிக்கும் ஈரோட்டில் அவள் அம்மாவுக்கும் இனி நான்தான் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதை எழுதவே வெட்கமாகவும் இருக்கிறது. மத்தியானம் நீ கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுத்துவிடுகிறேன், கொய்யா மரத்தையும் உன் எதிரிலேயே திருத்திவிடுகிறேன். ஒன்றை மட்டும் எப்படி நேரில் சொல்வது என்று தெரியாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன், அக்கா. வீடு காலியாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குப் பெரிதாகத் தெரியும் என்று லவினா சொன்னதைக் கேட்டு, போன மாதம் உன் கட்டிலை விற்றுவிட்டேன். நீ போனதிலிருந்து இன்றுவரை நான் உருப்படியாக விற்றது அது ஒன்றுதான். இப்போது அதை வாங்கிய அடுகோடி மரக்கடைக்காரரைத் தேடிக் கிளம்புகிறேன்.